அந்த மதில்களைக் கட்டியவர்களின் பிள்ளைகள் அங்கேயேதான் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு உங்கள் இணைப்பிதழில், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கல் கட்டுமானங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. ஜிம்பாப்வேயில் இருக்கும் கூம்புக் கோபுரத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு, தமிழர் எழுப்பிய லிங்கம் என்று கீழே எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணத்து மலைச்சரிவுகளில் உள்ள கல் வட்டங்கள், பொன் தேடிப்போன தமிழ் வணிகர்களின் கோயில்கள் என்றும் இருந்தது. அதோடு நின்றிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. கட்டுரையின் கடைசியில், கறுப்பின மக்கள் வடக்கிலிருந்து அங்கே வந்ததே முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன்புதான், வெள்ளைக்காரர்கள் வந்த அதே காலத்தில்தான், அதனால் அவர்கள் இதைக் கட்டியிருக்க வழியில்லை என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதைப் படித்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 1984 முதல் 1997 வரை ஜிம்பாப்வேயில், மஸ்விங்கோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப்புற உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். நாடு விடுதலை அடைந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. புதிது புதிதாகப் பள்ளிகள் திறந்தார்கள், ஆசிரியர்கள் போதவில்லை. வெளிநாட்டிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். நானும் என் மனைவியும் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கட்டுரையாளர் எழுதியதை நானே ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னவன்.

போய்ச் சேர்ந்த மறு வருடம். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த வரலாற்று ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும், நீங்கள் படம் போட்ட கோபுரமும் பெரிய மதில்களும் நிற்கும் கிரேட் ஜிம்பாப்வேக்குக் கூட்டிப் போனார். மஸ்விங்கோவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். பகல் முழுக்கச் சுற்றிவிட்டு ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு. சட்ஸா என்பது அவர்களுடைய களி. மக்காச்சோள மாவில் கிண்டுவார்கள், கேழ்வரகிலும் கிண்டுவார்கள். கையில் எடுத்து உருட்டி, கீரையைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரே உற்சாகம். “எங்க ஊர்க் கோயில் மதில் மாதிரியே இருக்கு. எங்க ஆளுங்க கடல் தாண்டி வந்து கட்டியிருப்பாங்களோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் உருட்டியிருந்த களியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார்: “டீச்சா, நான் படிச்ச பள்ளிக்கூடத்துல பினீஷியர்கள் கட்டினாங்கன்னு சொன்னாங்க. அரேபியர்கள் கட்டினாங்கன்னு சொன்னாங்க. ஷீபா ராணின்னு சொன்னாங்க. எங்க தாத்தா கட்டினார்னு எழுதினா மார்க் கிடையாது.” அவ்வளவுதான். அப்புறம் கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாற்பது வருடம் ஆகிறது, அந்தத் தட்டு இன்னும் என் கண்முன்னே இருக்கிறது.

அவர் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை அங்கே கூட்டிப்போய், ஒரு மாணவனுக்குச் சொல்லித்தருவது போல எனக்குச் சொல்லித் தந்தார். அவர் காட்டியதில் சிலவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த வட்டாரம் முழுக்கக் கருங்கல் மொட்டைப் பாறைகள். பகலில் வெயிலில் சூடேறி, ராத்திரிக் குளிரில் சுருங்கி, வெங்காயச் சருகு உரிவது மாதிரி பாறை ஏடு ஏடாக உரியும். நெருப்பு மூட்டித் தண்ணீர் தெளித்தால் இன்னும் சுலபமாகப் பிளக்கும். அதை உடைத்தால் செங்கல் போலத் தட்டையான துண்டுகள் கிடைக்கும். அந்தத் துண்டுகளை அடுக்கித்தான் மதில்கள். பெரிய மதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர். உயரம் சில இடங்களில் 11 மீட்டர். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது, கல்மேல் கல் அவ்வளவுதான். அடியில் மழைநீர் வெளியேற மடை விட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு பக்கம் மட்டும் கற்களைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, கோலத்தில் நெளி இழுப்பது போல இரண்டு வரிசை ஓடுகிறது.

ஒருநாள் என் நண்பர் ஒரு மதிலின் முன்னால் நிறுத்தி, கல் வரிசையைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். அது முந்திக் கட்டியது. வரிசை அலை போல ஏறி இறங்குகிறது. கற்களின் அளவும் ஒரு சீராக இல்லை. அப்புறம் பிந்திக் கட்டிய பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே வரிசை நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. “வெளியூர்லேர்ந்து கொத்தன் வந்திருந்தா முதல் நாளே தேர்ந்த கையோட வந்திருப்பான். இது இங்கேயே பழகின கை, டீச்சா” என்றார். பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தியே வாழ்க்கை ஓட்டியவன் நான். ஒரு கை தேறி வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் லிங்கம் என்று படம் போட்ட அந்தக் கூம்புக் கோபுரம் உள்ளே கூடானது இல்லை, முழுக்கக் கல். புதையல் தேடி அடியில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு தானியம் கொட்டிவைக்க ஒரு குதிர் இருக்கும். அந்த மக்கள் பேசும் ஷோனா மொழியில் அதற்கு டூரா என்று பெயர். நம் கரிசல் காட்டுப் பக்கம் குலுக்கை என்போமே, அதேதான். பஞ்ச காலத்தில் குடிகளுக்குத் தானியம் கொடுப்பது அரசனின் கடமை. அரசனின் குதிர்தான் கல்லில் அப்படி நிற்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். என் நண்பரின் அம்மாவுக்கு எந்த ஆராய்ச்சியும் தெரியாது. அந்தக் கோபுரத்தின் படத்தைக் காட்டியதும் “டூரா” என்றார். ஜிம்பாப்வே என்ற பெயரே ‘ட்ஸிம்பா ட்ஸா மாப்வே’, அதாவது கல் வீடுகள் என்பதிலிருந்து வந்தது. அந்த அம்மா பேசிய மொழிதான் அது.

பழங்காலத்தில் லெபனான் கரையில் இருந்த கடல் வணிகர்களான பினீஷியர் கதை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1871ல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் அங்கே போனார். வாசல் உத்தரத்திலிருந்து ஒரு மரச் சிராயை வெட்டி எடுத்தார். சிவப்பாக, வாசனையாக இருந்தது. தன் பென்சில் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பென்சில் தேவதாரு, ஆகவே இதுவும் தேவதாரு. தேவதாரு லெபனானில் விளைகிறது, ஆகவே பினீஷியர் கொண்டுவந்தது, ஆகவே ஷீபா ராணியின் மாளிகை. அந்த மரம் அங்கேயே காட்டில் வளரும் டம்போட்டி மரம் என்பது பின்னால் தெரிந்தது. ஒரு பென்சிலிலிருந்து ஒரு ராணி வரைக்கும் போய்விட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் கோபுரத்தின் உருவத்திலிருந்து லிங்கத்துக்குப் போனதும் இதே வழிதான் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது இதைவிடக் கொடுமை. செசில் ரோட்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கம்பெனி 1890ல் நாட்டைப் பிடித்தது. 1902ல் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர் குடியிருந்த அசுத்தத்தை நீக்குகிறேன் என்று சொல்லி, மதில்களுக்குள் படிந்திருந்த மண்ணை ஆள் உயரத்துக்குத் தோண்டி வெளியே கொட்டினார். பானையும் சாம்பலும் வீட்டுத் தரையும் அந்த மண்ணில்தான் அடுக்கடுக்காக இருந்தன. 1905ல் டேவிட் ராண்டால் மெக்ஐவர் மிச்சமிருந்த இடங்களில் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது, மத்திய காலத்தது என்று எழுதினார். குடியேறிய வெள்ளையர்கள் ஏற்கவில்லை. 1929ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற பெண்மணி வந்தார், உதவிக்கு வந்தவர்களும் பெண்கள். அவரும் அதையேதான் சொன்னார். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை என்பது இன்றைக்கு நிலைத்த முடிவு. அப்படி இருந்தும் அன்றைக்கு ரொடீசியா என்று பெயர் வைத்திருந்த அந்த நாட்டின் வெள்ளை அரசு, ஆப்பிரிக்கர் கட்டியது என்று பார்வையாளர் கையேட்டில் எழுத விடவில்லை. பீட்டர் கார்லேக் என்ற தொல்லியல் அறிஞர் 1970ல் நாட்டைவிட்டே போகும்படி ஆயிற்று. என் நண்பர் பள்ளியில் படித்ததும் அந்த ஆட்சிக் காலத்தில்தான்.

சரி, மக்கள் எப்போது வந்தார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாக்கியம்தானே என்னைத் தூங்க விடாதது.

நான் போன புதிதில் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் எண்கள் கற்றுக்கொண்டேன். ஷோனாவில் இரண்டு பிரி, மூன்று டாட்டு. நடுவில் ஒரு வருடம் தான்சானியாவிலிருந்து ஒரு ஆசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். அவருடைய சுவாஹிலியில் இரண்டு ம்பிலி, மூன்று டாட்டு. தெற்கே சுலுவில் பிலி, தாத்து. மனிதன் ஷோனாவில் முன்ஹு, சுலுவில் உமுண்டு, சுவாஹிலியில் ம்டு. நாம் மூணு என்றால் கன்னடர் மூரு என்கிறார், தெலுங்கர் மூடு என்கிறார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்குச் சட்டென்று புரிகிறதல்லவா? அதே மாதிரிதான் அது. இந்த மொழிகள் எல்லாவற்றுக்கும் பாந்து மொழிகள் என்று பெயர். கேமரூனும் நைஜீரியாவும் சேரும் இடத்திலிருந்து நாலாயிரம் ஐயாயிரம் வருடங்களுக்கு முன்பு கிளம்பிய மக்களின் மொழி, தலைமுறை தலைமுறையாகப் பரவி, கிளை விட்டு வந்திருக்கிறது. போகப் போக இரும்பு உருக்கக் கற்றுக்கொண்டார்கள், மாடு வளர்த்தார்கள், கம்பும் சோளமும் விதைத்தார்கள்.

ஆக, வடக்கிலிருந்து வந்தார்கள் என்பது உண்மை. எப்போது என்பதில்தான் உங்கள் கட்டுரை ஆயிரம் வருடத்துக்கு மேல் தவறுகிறது. லிம்போபோ ஆற்றுக்குத் தெற்கே ட்ஸனீன் ஊர்ப் பக்கம் கிடைத்த அவர்களுடைய பானை ஓடுகள் கி.பி. மூன்றாம், நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. லைடன்பர்க்கில் கிடைத்த ஏழு சுடுமண் தலைகள் கி.பி. 500ஐ ஒட்டியவை. 13ஆம் நூற்றாண்டில் மாபுங்குப்வே என்ற பழைய தலைநகரில் பொன் தகட்டில் காண்டாமிருகம் செய்து அரச குலத்தவரோடு புதைத்திருக்கிறார்கள். 1552லும் 1554லும் அந்தக் கிழக்குக் கரையில் கப்பல் உடைந்து கரையேறிய போர்த்துகீசியர்கள், பயிர் செய்து மாடு வளர்க்கும் கறுப்பின மக்களைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் கேப்டவுனில் வந்து இறங்கியது 1652. 1686ல் உடைந்த ஸ்டாவெனிஸ் என்ற டச்சுக் கப்பலின் மாலுமிகள் மூன்று வருடம் போல கோசா என்ற கறுப்பின மக்களோடு தங்கி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலி நிலத்துக்கு வந்தார்கள் என்றால் இவர்களுக்குச் சோறு போட்டது யார்?

இந்தக் காலி நிலக் கதை தெரியாமல் நேர்ந்த பிழை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் எழுதி எழுதிப் பரப்பியது. 1913ல் தென்னாப்பிரிக்காவில் நிலச் சட்டம் வந்தது. பெரும்பான்மை மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏழு சதவீதம் போல ஒதுக்கினார்கள். 1936ல் அதை 13 சதவீதம் என்றார்கள். நீயும் வந்தவன், நானும் வந்தவன், உனக்கு இவ்வளவு போதும் என்று சொல்ல அந்தக் கதை வேண்டியிருந்தது. நிறவெறி ஆட்சி முடியும் வரை பள்ளிப் புத்தகங்களில் அதுதான் இருந்தது. அதை இன்றைக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகையில், நம் பெருமைக்காக, நாம் அச்சடிக்கலாமா?

முதலில் வந்தவர் யார் என்று கேட்டால், வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மஸ்விங்கோ பக்கத்துப் பாறைக் குகைகளில் அவர்கள் வரைந்த மான்களும் மனிதர்களும் இருக்கின்றன. டர்பனுக்கு வடக்கே பாலிட்டோ கடற்கரையில் கிடைத்த ஒரு சிறுவனின் எலும்பு சுமார் 2000 வருடத்துக்கு முந்தியது. 2017ல் அதன் மரபணுவைப் படித்துச் சொன்னார்கள், சான் மக்களின் வழி வந்த பிள்ளை அவன். பின்னால் வந்த பாந்து மொழியினர் அவர்களிடம் நிலத்தைப் பிடுங்கியதும் உண்டு, பெண் எடுத்ததும் உண்டு. கோசா, சுலு மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் அப்படி வந்து சேர்ந்தவைதான். ஆர்ச் பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவின் மரபணுவை 2010ல் முழுக்கப் படித்தபோது அவருடைய தாய்வழி சான் வழி என்று தெரிந்தது. அவர் மகிழ்ந்துபோனார்.

நகர்ந்தவர்கள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களும் இல்லை. 1830களில் ம்ஸிலிகாசி என்ற தலைவர் தன் ஆட்களோடு சுலு நாட்டுப் பக்கமிருந்து மேலே ஏறி, இன்றைய புலவாயோ பக்கம் ராஜ்ஜியம் அமைத்தார். ஸ்வாங்கெண்டாபா என்ற இன்னொரு தலைவரின் கூட்டம் இன்னும் மேலே போனது. அவர்கள் ஜாம்பசி ஆற்றைக் கடந்த அன்று பட்டப்பகலில் சூரியன் இருண்டது என்று வாய்மொழியாகச் சொல்லி வந்தார்கள். வானியல் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 1835 நவம்பர் 20. எழுத்தில்லாத மக்கள் நினைவில் வைத்திருந்த நாள் தேதி சுத்தமாகப் பொருந்துகிறது. கணக்கு வாத்தியாரான எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் லெம்பா என்ற இனத்துப் பிள்ளைகள் படித்தார்கள். பன்றிக்கறி தொடமாட்டார்கள். தங்கள் முன்னோர் கடலுக்கு அப்பால் சேனா என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். 1990களில் மரபணுச் சோதனை செய்தபோது தந்தைவழியில் மேற்கு ஆசியத் தொடர்பு இருப்பது தெரிந்தது. தாத்தா பாட்டி சொன்னதும் சோதனையும் ஒத்துப்போனது. அப்படிச் சான்றோடு வந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்?

ம்புமலங்கா கல் வட்டங்களுக்கு வருவோம். அவை பொகோனி என்ற நாட்டின் ஊர்கள். ஓரிக்ஸ்டாடிலிருந்து கரோலினா வரை மலைச்சரிவில் 150 கிலோமீட்டர் போலப் பரந்து கிடக்கின்றன. சுமார் 1500லிருந்து 1820கள் வரை கோனி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். வட்டத்தின் நடுவில் மாட்டுத் தொழுவம், சுற்றி வீடுகள், வெளியே படிப்படியாக வயல். மாடு பயிரை மேயாமல் தொழுவத்துக்கு வர இரண்டு பக்கமும் கல் வைத்து வழி போட்டிருக்கிறார்கள். கோயிலுக்கு மாடு வர எதற்குத் தனி வழி? அவற்றைச் சாலை மட்டத்திலிருந்து பார்த்தால் வெறும் கற்குவியல் போலத் தெரியலாம். இன்னும் மேற்கே கடிட்ஷ்வேனே என்ற த்ஸ்வானா மக்களின் கல் நகரத்துக்கு 1820ல் போன பாதிரியார் ஜான் கேம்ப்பெல், பதினாறாயிரம் பேராவது இருப்பார்கள் என்று மதிப்பிட்டார். கேப்டவுனே அப்போது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நமக்கும் அந்த மண்ணுக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு. உண்மையான உறவு உண்டு. மாபுங்குப்வேயிலும் கிரேட் ஜிம்பாப்வேயிலும் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். அவற்றில் பல இந்தியாவில் செய்தவை. கண்ணாடிக் குழலை நீட்டி இழுத்து நறுக்கி மணி செய்யும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று நம் அரிக்கமேட்டில் இருக்கிறது. அவர்கள் பொன்னும் தந்தமும் கொடுத்தார்கள், மணியும் துணியும் வாங்கினார்கள். வியாபாரம் செய்தவர்கள் இரண்டு பக்கமும் ஆட்கள்தான். இன்னொன்று, கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுமே ஆப்பிரிக்காவில் முதலில் பயிரானவை. அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தன. என் அம்மா கம்பங்கூழ் ஊற்றி வளர்த்த உடம்பு இது. என் நண்பரின் அம்மா, நாங்கள் அம்புயா என்று கூப்பிடுவோம், கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தபோது என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு அழுதுவிட்டாள். அப்புறம் அம்புயா அவளை முரோரா, மருமகளே என்றுதான் கூப்பிட்டார். உங்கள் முட்டுபோ என்ன என்று கேட்டார். முட்டுபோ என்பது குலக்குறி. ஒரே முட்டுபோவில் பெண் எடுக்க மாட்டார்கள். நம் பக்கத்துக் கிளையையும் கூட்டத்தையும் நான் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

எழுத்தாக வேண்டும் என்றாலும் இருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதுங்கள். கண்ணில் காட்டச் சான்று இருக்கிறது.

இந்தக் கதைகளை டர்பன் தமிழர்களில் சிலர் நம்புவதற்கு ஒரு வலி காரணம், அதையும் நான் அறிவேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1995ல் டர்பன் போனபோது ஒரு பெரியவர் வீட்டில் தங்கினோம். அவருடைய தாத்தா வட ஆர்க்காட்டுக்காரர். தமிழ் தட்டித் தடுமாறித்தான் வந்தது, ஆனால் காவடிச் சிந்து முழுக்க மனப்பாடம். ஐந்து தலைமுறை ஆகியும் ஊருக்குப் போ என்கிறார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நாங்கள் ஆயிரம் வருடம் முன்பே இங்கே வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! ஆனால் அந்த ஆறுதலை இன்னொருவர் வீட்டுச் சுவரிலிருந்து கல்லைப் பிடுங்கித்தானே கொடுக்க வேண்டியிருக்கிறது. கரும்புக்காட்டில் வெட்டி வெட்டிக் கை தேய்ந்த அவருடைய தாத்தாவை வைத்தே அந்த மண்ணில் அவருக்கு உரிமை உண்டு.

என் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்தவர்கள் மண்டையோடுகளை அளந்து பார்த்து, இன்ன இனம் அன்ன இனம் என்று எழுதினார்கள். தாழியில் கிடந்தவர் எங்கள் பாட்டன் என்று சொல்ல நாங்கள் எத்தனை காலம் காத்திருந்தோம்! கிரேட் ஜிம்பாப்வேயில் மாவுக்கல்லில் செதுக்கி வைத்திருந்த பறவைச் சிலை ஒன்றின் பீடமும் அதே பெர்லினில்தான் இருந்தது. 2003ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நண்பர் எனக்குப் போன் செய்தார். “எங்க பறவைக்குக் கால் வந்திடுச்சு டீச்சா, உங்க தாழி எப்ப வரும்?” என்று கேட்டார். 2009ல் அவர் காலமாகிவிட்டார்.

ஐயா, உங்கள் பத்திரிகையை நாற்பது வருடமாகப் படிக்கிறவன் நான். ஜிம்பாப்வேக்கே பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகத் தம்பி அனுப்பிவைப்பான். மூன்று திருத்தங்கள் கேட்கிறேன். கோபுரத்தின் படத்துக்குக் கீழே போட்டது தவறு என்று ஒரு வரி. கல் வட்டங்கள் கோனி மக்களின் ஊர்கள் என்று ஒரு வரி. அந்த மக்கள் அங்கே வந்து ஆயிரத்து எழுநூறு வருடம் போல ஆகிறது என்று ஒரு வரி. மூலையில் சின்னதாகப் போடாமல், அதே ஞாயிறு இணைப்பில், கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். என்னிடம் அந்த மதில்களின் படங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன, நானே எடுத்தவை. வேண்டுமானால் அனுப்பித் தருகிறேன்.

அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நண்பரின் மகன் என் மாணவன், இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். 2008 மே மாதம் அங்கே வெளிநாட்டவர்கள்மேல் கும்பல்கள் பாய்ந்து நாடு முழுக்க 62 பேர் இறந்தபோது, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு வாரம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவன் அவன். அவனோடு வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் உங்கள் கட்டுரைப் பக்கத்தைப் போனில் காட்டி, “உங்க ஊர்ல இருக்கறது நாங்க கட்டினது” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இவன் அந்தப் பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டீச்சா, படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டிருக்கிறான். பத்து நாளாகிறது. இன்னும் நான் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை.